காருக்குள் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகலாமா?

போன மாதம் பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்திருந்தார். தோல் வியாபாரம் செய்கிறவர். வாரத்தில் மூன்று நாள் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் சென்னைக்கும் அலைகிற பிழைப்பு. போலீஸ் விசாரணை, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று நடையாய் நடந்து, புதிதாக ஒரு ரிவால்வர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, நாள் முழுக்க இடுப்புல கட்டிக்கிட்டுச் சுத்த முடியல. கார் டேஷ்போர்டுலயே வச்சிடட்டா? பூட்டு இருக்கு."

வேண்டாம் தம்பி என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். லைசென்ஸ் வைத்திருக்கிற வேறு யாருக்காவதும் பயன்படும்.

எனக்கு ஊர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். நானும் 1984-ல் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக வந்தேன். அப்புறம் ஒரு வங்கியில் கன்மேன் வேலை. சொந்த லைசென்ஸ், சொந்த டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, 12 போர். இப்போது அந்த வேலையும் முடிந்துவிட்டது. துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வண்டியில் இருக்கும்வரை துப்பாக்கி உங்கள் உடம்போடு இருக்கலாம். நீங்கள் இறங்கினால் அதுவும் இறங்க வேண்டும். அது இறங்கக் கூடாத இடத்துக்குப் போகிறீர்களா, அன்றைக்கு அது வீட்டைவிட்டே கிளம்பக் கூடாது. வண்டியில் எடுத்துப் போவது வேறு, வண்டியில் வைத்துவிட்டுப் போவது வேறு. தம்பி கேட்டது இரண்டாவது. அதற்கு என் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான்.

படையில் ஆயுதம் வைக்கும் இடத்தைக் கோத் என்போம். காலையில் ரைஃபிளை எடுக்கும்போது ரெஜிஸ்டரில் நம்பரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் துடைத்து, "காலி கர்" சொல்லி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைத் திறந்து காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு ரைஃபிள் குறைந்தால் போதும், மொத்தக் கம்பெனியும் தூங்காது. 17 வருடம் அப்படிப் பழகியதில் எனக்கு ஒன்று மனதில் ஊறிவிட்டது. இந்த நிமிடம் இந்த ஆயுதம் யார் கையில் என்று கேட்டால் ஒரே ஒரு பெயரைச் சொல்ல முடிய வேண்டும். அப்படிப் பழகிய நானே ஒருநாள் தவறினேன்.

2006 என்று நினைவு. ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு மனைவியின் சொந்தத்தில் குடியாத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கிளம்பினால் நேரமாகிவிடும் என்று மச்சான் தன் ஆம்னி வேனை வங்கி வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார். சரி, ஒரு மணி நேரம்தானே என்று உறையோடு பின் சீட்டுக்கு அடியில் படுக்க வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். தோட்டா மட்டும் என் பேண்ட் பாக்கெட்டில். வண்டியைப் பூட்டியாயிற்று. சாவி மச்சானிடம்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பந்தி முடிந்து வெளியே வந்தால் வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை. விசாரித்தால், கடைசிப் பந்திக்குத் தயிர் பத்தவில்லை. மச்சான் சாவியை ஒரு பையனிடம் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பின் சீட்டு ஞாபகமே இல்லை. கால் மணி நேரத்தில் வண்டி வந்தது, உள்ளே இரண்டு தயிர் கேன், போர்வை. துப்பாக்கி இல்லை. கேனுக்கு இடம் வேண்டுமே என்று, கிளம்பும்போதே அதை எடுத்துச் சமையல்கட்டுப் பக்கம் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறான் அந்தப் பையன். கேமரா ஸ்டாண்டு என்று நினைத்தானாம்.

ஓடினேன். வாழை இலைக் கட்டுகளுக்குப் பின்னால் இரண்டு சிறுவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உறையின் ஜிப் பாதி இறங்கியிருந்தது. ஒருவன் குழலின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வயது இருக்கும். பட்டு வேட்டி, கழுத்தில் மெல்லிய செயின், கையெல்லாம் சந்தனம். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தபோது குழலின் மேல் அந்தச் சந்தன விரல் தடம் காய்ந்து ஒட்டியிருந்தது. எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. துப்பாக்கி காலிதான், தோட்டா என்னிடம்தான் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து "அந்த ஒரு மணி நேரம் யாரிடம் இருந்தது?" என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

நம் ஊரில் கார் ஒருவருடைய பொருளாக இருப்பதில்லை, அதைத்தான் அன்றைக்குப் புரிந்துகொண்டேன். பதிவுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கும். ஆனால் சாவி டிரைவரிடம் போகும், மச்சானிடம் போகும், வாட்டர் சர்வீஸ் பையனிடம் போகும், மெக்கானிக்கிடம் ஒரு ராத்திரி தங்கும், ஹோட்டலில் வண்டியை நிறுத்திக் கொடுக்கிறவரிடம் போகும். "அஞ்சு நிமிஷம் வண்டியைக் கொடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. பீரோ சாவியை அப்படி யாருக்காவது கொடுப்போமா?

சட்டம் என்ன சொல்கிறது

நான் வக்கீல் இல்லை. ஆனால் லைசென்ஸ் புத்தகத்தில் அச்சடித்திருக்கிற நிபந்தனைகளை ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் உட்கார்ந்து படிப்பேன். நீங்களும் படியுங்கள். இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறோம். 2019 திருத்தத்துக்கு முன் மூன்று வருடம்.

1959 ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. லைசென்ஸ் இல்லாத இன்னொருவர் உங்கள் துப்பாக்கியை எடுத்துச் செல்ல ஒரு சிறு வழி மட்டும் விட்டிருக்கிறது. நீங்கள் கூடவே இருக்க வேண்டும், அல்லது உங்கள் எழுத்துமூல அனுமதி இருக்க வேண்டும். அதுவும் பழுதுபார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, உங்கள் உபயோகத்துக்குக் கொண்டுவர என்ற காரணங்களுக்கு மட்டும். தயிர் வாங்கப் போவது அதில் வராது. அன்றைக்கு அந்தப் பையன் துப்பாக்கியை இறக்கி வைக்காமல் வண்டியிலேயே விட்டுப் போயிருந்தால், வழியில் ஒரு சோதனையில் மாட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவன் அவன். கல்லூரி முதல் வருடம் படிக்கிற பையன்.

2016 ஆயுத விதிகளில் பொது இடத்தில் எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. கைத்துப்பாக்கி என்றால் உடம்போடு சேர்ந்த உறையில் அல்லது அதுபோன்ற பையில். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில். இரண்டுமே வெளியே தெரியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்கிறவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வார்த்தையைத்தான் தம்பிக்கு மூன்று முறை சொன்னேன். நீங்கள் ஓட்டலுக்குள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே நிற்கிற காரின் டேஷ்போர்டு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 30-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, லைசென்ஸே ரத்தாகலாம்.

நிபந்தனைகளில் பலர் கண்ணில் படாமல் போவது இன்னொன்று. தனி அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது. வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறவர் ஒரு வாரத்தில் எங்கெல்லாம் போவார் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலுக்குள் இறக்கிவிடுவார். வி.ஐ.டி.யில் படிக்கிற மகளைப் பார்க்கப் போவார். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போவார். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவார். எங்கேயும் துப்பாக்கி எடுத்துப் போகிறோம் என்ற நினைப்பே அவருக்கு வராது. அது கார் சாமானில் ஒன்றாகிவிட்டிருக்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, துப்பாக்கி.

ஆந்திர எல்லையை மறக்காதீர்கள்

வேலூர்க்காரர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். உங்கள் லைசென்ஸில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். மாவட்டம், மாநிலம், அல்லது இந்தியா முழுவதும். காட்பாடி தாண்டிக் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் வந்தால் அந்தப் பக்கம் ஆந்திரா. சித்தூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்கப் போகிறோம், திருப்பதிக்குப் போகிறோம், சித்தூரில் சம்பந்தி வீடு. நமக்கு அது வேறு மாநிலம் என்றே தோன்றாது. பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி வழியாக மலை ஏறினால் வி.கோட்டா. குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா தாண்டினால் பலமநேர் பாதை. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு, டேஷ்போர்டில் மறந்துபோன ரிவால்வரோடு, குடும்பத்தோடு சாமி கும்பிடப் போய்ச் செக்போஸ்டில் மாட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். பேரணாம்பட்டுத் தம்பி வாரம் ஒருமுறை வி.கோட்டா போகிறவர். அவர் லைசென்ஸைக் காட்டச் சொன்னேன், தமிழ்நாடு என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

அந்தப் பாதைகள் எல்லாம் காட்டுப் பாதைகளும்கூட. சைனகுண்டாவுக்கு அப்புறம் கௌண்டின்யா சரணாலயம், யானைகள் இருக்கிற காடு. 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். ஜவ்வாது மலைப் பக்கம் போனாலும் வனத்துறை செக்போஸ்டில் ராத்திரி நேரத்தில் காரில் துப்பாக்கி என்றால் முதலில் மானைத்தான் நினைப்பார்கள். அவர்கள் நினைப்பதில் தவறும் இல்லை.

மாவட்டத்துக்கு மட்டும் செல்லும் பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 2019-ல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆம்பூர், வாலாஜா எல்லாம் இப்போது வேறு மாவட்டம். உங்கள் புத்தகத்தில் வேலூர் மாவட்டம் என்றிருந்தால் அது இப்போது எதுவரை செல்லும் என்று கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

கார் எவ்வளவு பாதுகாப்பு?

டேஷ்போர்டுப் பூட்டு என்பது பிளாஸ்டிக்கில் செருகிய ஒரு நாக்கு. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் வந்துவிடும். டிக்கி பலமானது என்று நினைப்போம். பின்பக்கச் சின்னக் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுக் கதவைத் திறந்து, சீட்டை மடித்தால் பல வண்டிகளில் டிக்கி திறந்த கதவு மாதிரிதான். வங்கி வாசலில் பத்துக்கு மேற்பட்ட வருடம் நின்றவன் நான். பணம் எடுத்து வருகிறவரைப் பின்தொடர்ந்து, அவர் டீ குடிக்க இறங்கும்போது ஸ்கூட்டர் டிக்கியிலோ கார் சீட்டிலோ இருந்து பையை எடுத்துப் போகிற கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன். பணம் போனால் உங்கள் பணம் போச்சு. துப்பாக்கி போனால் அது யார் மேல் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கூட்டர் டிக்கியில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெயிலைப் பற்றிப் பலர் தப்பாகப் பயப்படுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டும். வெயிலில் மூடிக் கிடக்கிற காருக்குள் அரை மணி நேரத்தில் அதற்கு மேலும் 15, 20 டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் தோட்டா தானாக வெடிக்காது, அதற்கு இன்னும் மிக அதிகச் சூடு வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் அப்படிச் சூடேறி ஆறினால் உள்ளே இருக்கிற மருந்து கெட்டுப்போகும். தேவைப்படும் நேரத்தில் வெடிக்காமல் போகலாம், அல்லது தாமதித்து வெடிக்கலாம். தாமதித்து வெடிப்பது இரண்டிலும் மோசம். மழைக்காலத்தில் ஏ.சி. போட்டு நிறுத்திய வண்டிக்குள் ஈரம் படியும். இரும்பில் முதலில் காவி நிறத்தில் தூசு மாதிரித் தெரியும், அப்புறம் விரலால் தடவினால் சொரசொரக்கும். பழைய காகிதத் தோட்டா என்றால் ஈரத்தில் ஊதிப்போய்ச் சேம்பருக்குள் இறங்காது.

எடுத்துப் போக வேண்டியிருந்தால்

வீட்டிலிருந்து வங்கிக்கு, டீலர் கடைக்கு, சுடும் பயிற்சிக்கு, புதுப்பிக்க ஆபீஸுக்கு. இதற்கெல்லாம் வண்டியில் எடுத்துப் போகத்தான் வேண்டும். நான் செய்கிற விதம் இது.

கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே காலி செய்வேன். வண்டியில் உட்கார்ந்துகொண்டு தோட்டா போடுவதோ எடுப்பதோ கிடையாது. உட்கார்ந்த நிலையில் குழலைத் திருப்ப நல்ல திசையே இல்லை. ஒரு பக்கம் உங்கள் தொடை, ஒரு பக்கம் பக்கத்து சீட்டு ஆள். டபுள் பேரலை மடித்துத் திறந்து, இரண்டு சேம்பரையும் கண்ணால் பார்த்து, அப்புறம் சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. பிறகு முன் கட்டையைக் கழற்றி, குழலையும் பின் கட்டையையும் பிரித்து, மூன்று துண்டாக உறையில் போடுவேன். தோட்டா வேறு டப்பாவில், வேறு பையில். அந்தப் பை என் தோளில்.

தற்காப்புக்காக ரிவால்வர் லைசென்ஸ் வாங்கியவர் அதைப் பிரித்துப் பையில் போட முடியாது என்பார். நியாயம்தான். அப்படியானால் இடுப்பில், நல்ல உறையில், சட்டைக்குள். கார் சீட்டில் உட்கார்ந்தால் குத்துகிறது என்பதற்காகக் கழற்றிக் கதவுப் பையில் செருகாதீர்கள். பிரேக் போடும்போது முன்னால் வந்து விழும், எல்லோரும் அனிச்சையாக அதைப் பிடிக்கத்தான் கை நீட்டுவார்கள். விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கப் போகவே கூடாது, விரல் டிரிகரில்தான் போய் மாட்டும். குத்தாத உறையைத் தேடி வாங்குங்கள். தம்பி சந்தையில் வாங்கிய பெல்ட் உறையைப் போட்டிருந்தார். தோல் வியாபாரிக்கு அளவெடுத்து நல்ல உறை தைக்க ஆம்பூரில் ஆளா இல்லை?

வழியில் நிற்காதீர்கள். பெட்ரோலை முந்தின நாளே போட்டுக்கொள்ளுங்கள். நீளத் துப்பாக்கியோடு போகிற நாளில் நான் தனியாகப் போவதில்லை. ஆனால் "நீ பார்த்துக்கோ" என்று கூட வந்தவரை விட்டுவிட்டு நான் இறங்குவதும் இல்லை. அவருக்கு லைசென்ஸ் கிடையாது. டீ வேண்டுமென்றால் அவர்தான் இறங்கி வாங்கி வருவார்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, ராத்திரி என்றால் உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீரிங் மேல் வைத்துவிடுங்கள். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். "சார், என்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கு. எடுக்கட்டுமா?" சொல்லிவிட்டு அவர் சரி என்ற பிறகு கையை நகர்த்துங்கள். லைசென்ஸைக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதைத் துப்பாக்கி இருக்கிற பையிலேயே வைத்திருந்தால், காகிதம் எடுக்கப் போகிற கை துப்பாக்கி எடுக்கப் போகிற மாதிரித்தான் தெரியும். சோதனை முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், விவாதம் வேண்டாம்.

பெட்டி செய்து பொருத்தலாமா?

தம்பி இதையும் கேட்டார். செய்யலாம், ஆனால் அது எதற்கு என்று தெரிந்து செய்ய வேண்டும். பயணத்தின்போது பின்னால் இருக்கிற பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்க, விபத்தில் தூக்கி எறியப்படாமல் இருக்க நல்லது. வெல்டிங் கடையில் மூன்று மில்லிமீட்டர் தகட்டில், கீல் உள்பக்கமாக இருக்கும்படி செய்யச் சொல்லலாம். காரின் அடித்தளத்தில் புதிதாகத் துளை போட விடாதீர்கள். பல கார்களில் பின் சீட்டுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க். சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டிலேயே சேர்த்து முடுக்கலாம், அல்லது தடித்த இரும்புக் கயிற்றால் சீட் கம்பியோடு கட்டலாம். பெட்டிச் சாவி கார் சாவிக் கொத்தில் இருக்கவே கூடாது. கார் சாவி ஊரெல்லாம் சுற்றுகிற சாவி என்று முன்பே சொன்னேன்.

பெட்டி இருக்கிறதே என்று ராத்திரி அதிலேயே விடாதீர்கள். அவசரத்தில் வருகிற கையைத்தான் அது நிறுத்தும், நேரம் கையில் வைத்திருக்கிற திருடனை நிறுத்தாது. காரையே கொண்டுபோனால் பெட்டியும் சேர்ந்துதான் போகும்.

வெளியூரில் தங்க வேண்டும், அல்லது இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றால் லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சி.எம்.சி.க்கு 20 நாள் அலைந்தபோது நான் அப்படித்தான் செய்தேன். அந்த அலைச்சலில் காரை யார் யார் ஓட்டினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தேர்தல் வந்தால் எப்படியும் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். பறக்கும் படை ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தும். எங்கள் வேலூர் தொகுதியில் 2019 ஏப்ரல் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது. அந்த மாதங்களில் காரில் துப்பாக்கியை மறந்து வைத்துக்கொண்டு பள்ளிகொண்டா டோல் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள்.

விபத்து நடந்து உங்களை 108-ல் ஏற்றிப் போகிறார்கள், துப்பாக்கி நொறுங்கிய காரில் இருக்கிறது. அப்போது வீட்டார் யாரும் போய் எடுத்து வரக் கூடாது. போலீஸுக்குச் சொல்லி அவர்களே எடுத்து வைக்கட்டும். இதை இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் நல்லது செய்வதாக நினைத்து மகன்தான் முதலில் ஓடுவான்.

தங்கை மகன் டெக்சாஸில் இருக்கிறான். "மாமா, இங்கே எல்லாரும் கார்லதான் வச்சிருக்காங்க" என்றான். உண்மைதான். அங்கே 2007-லிருந்தே சொந்தக் காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது ஆனவர்கள், சட்டத் தடை இல்லாதவர்கள், வெளியிலும் உரிமம் இல்லாமல் எடுத்துப் போகலாம். அதே அமெரிக்காவில் துப்பாக்கிகள் பெருமளவில் திருடு போவது கார்களிலிருந்துதான். அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன். அவன் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த மாதிரித் தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பனுடைய காரை இரவல் வாங்கி ஓட்டுவதற்கு முன் டேஷ்போர்டைத் திறந்து பார் என்றேன். வாரா வாரம் கேட்கிறேன், பார்க்கிறேன் என்கிறான்.

திருடு போய்விட்டால்? ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அது லைசென்ஸ் நிபந்தனை. முதலில் நாமே தேடுவோம், மானம் போகும் என்று யோசிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது இன்னும் தூரம் போகிறது. கலெக்டர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். புகாரில் அவர்கள் முதலில் கேட்பது துப்பாக்கியின் நம்பர். பதற்றத்தில் யாருக்கும் அது ஞாபகம் வராது. லைசென்ஸும் துப்பாக்கியோடே போயிருந்தால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. நான் துப்பாக்கி நம்பர், லைசென்ஸின் தனி அடையாள எண், கையிருப்புத் தோட்டாக்களின் எண்ணிக்கை, காவல் நிலையப் போன் நம்பர் நான்கையும் ஒரு சீட்டில் எழுதி லைசென்ஸ் நகலோடு மடித்து வைத்திருக்கிறேன். தோட்டா எண்ணிக்கை மாறும்போதெல்லாம் அடித்துத் திருத்துவேன். அந்தச் சீட்டு துப்பாக்கி இருக்கிற பீரோவில் இல்லை, காரிலும் இல்லை. மனைவியின் ரேஷன் கார்டு பைக்குள் இருக்கிறது. தம்பி கிளம்பும்போது அதேபோல ஒன்றை என் எதிரிலேயே எழுத வைத்துத்தான் அனுப்பினேன்.